பாரிசவாதம் வந்தவரை ‘சும்மா இருங்க’ என்று சொல்லலாமா?

மட்டக்களப்பின் களுவாஞ்சிகுடிப் பக்கம் மனைவியின் வளவிலேயே குடியிருக்கும் ஒரு மருமகன் கேட்ட கேள்வி இது. மாமாவுக்கு 61 வயது. வாவியில் வீச்சுவலை போட்டுக் குடும்பம் நடத்தியவர். மூன்று மாதத்துக்கு முன் பாரிசவாதம் (பக்கவாதம்) வந்து வலப்பக்கம் இழுத்துவிட்டது. இப்போது கோல் பிடித்து வீட்டுக்குள் நடக்கிறார். வலது கை தோள்மட்டத்துக்குக் கொஞ்சம் கீழே வரை உயர்கிறது, விரல்கள் பாதி விரிகின்றன. ஆஸ்பத்திரியில் தொழில்வழிச் சிகிச்சையாளர் (அன்றாட வேலைகளையே சிகிச்சையாக்குபவர், occupational therapist) உடற்பயிற்சியைப் பற்றி அதிகம் பேசாமல், காலையில் எழும்பினதும் என்ன செய்வார், எங்கே குளிப்பார், எதைத் திரும்பச் செய்ய ஆசைப்படுகிறார் என்றே கேட்டிருக்கிறார். அன்றாட வேலை செய்வது எப்படி வைத்தியமாகும், வயது போன மனிசனை ஓய்வாக வைத்திருப்பதுதானே நல்லது என்கிறார் மருமகன்.

நல்லதல்ல. முதல் நாட்களின் ஆபத்துக் கட்டம் கடந்து, வைத்தியர் நடக்கலாம் என்று சொன்ன பிறகு, நாள் முழுக்க ஓய்வு என்பது கெடுதல்தான் செய்யும். 60 வயதைத் தாண்டிய, நோய் எதுவும் இல்லாத ஆட்களைப் பத்து நாள் கட்டிலிலேயே வைத்துப் பார்த்த ஓர் அமெரிக்க ஆய்வில் (2007), அவர்களுடைய கால்களிலிருந்து மட்டும் ஏறக்குறைய ஒரு கிலோ தசை குறைந்தது. ஏற்கெனவே ஒரு பக்கம் பலவீனமானவருக்கு இது எவ்வளவு பெரிய இழப்பு என்று யோசித்துப் பாருங்கள்.

கைக்கு வேறொரு கேடும் உண்டு. எட்வர்ட் டாப் என்ற உளவியலாளர் குரங்குகளில் கண்ட விடயம் அது: உணர்ச்சி இழந்த கையை அசைக்க முடிந்தாலும் குரங்கு அதைப் பயன்படுத்துவதில்லை. முதல் சில வாரங்களில் முயன்று தோற்றதால், அந்தக் கை உதவாது என்று பழகிவிடுகிறது. பாரிசவாதம் வந்தவர்களுக்கும் இதே நடக்கிறது. இடது கையால் காரியம் முடிகிறது, மீதியை வீட்டார் முடித்துவிடுகிறார்கள், வலது கைக்கு வேலையே இல்லை. வேலை கேட்கப்படாத கைக்கு மூளை ஒதுக்கும் இடமும் சுருங்குகிறது. மூன்றாம் மாதத்தில் பாதி விரிகிற விரல், ஆறாம் மாதத்தில் மடங்கி இறுகியே இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

அப்படியென்றால் பந்தைப் பிசைந்தாலே போதாதா? பிசைவதால் பிடி கொஞ்சம் பலமாகும். ஆனால் அந்தப் பலம் தானாகச் சோற்றுக் கோப்பைக்கு வந்து சேராது. சிங்-யீ வூ, கதரின் ட்ரொம்ப்லி ஆகியோர் 1990களில் கை அசைவுகளை அளந்து பார்த்தார்கள். உண்மையான பொருளை எடுத்துப் பயன்படுத்தக் கை நீட்டும்போது அசைவு சீராக வந்தது. பொருள் இல்லாமல், எடுப்பதாகப் பாவனை செய்து நீட்டும்போது அந்தச் சீர் குறைந்தது. மாமாவின் மூளைக்கு வலையும் ஊசியும் முப்பது நாற்பது வருடப் பழக்கம். ரப்பர் பந்தோடு அதற்கு எந்த உறவும் இல்லை.

இது புதிதாகக் கண்டுபிடித்த கொள்கையும் அல்ல. தொழில்வழிச் சிகிச்சை ஒரு துறையாக அமெரிக்காவில் 1917இல் சங்கம் அமைத்தபோதே இதுதான் அடித்தளம். அடோல்ஃப் மேயர் என்ற மனநல வைத்தியர் 1922இல், வேலை, விளையாட்டு, ஓய்வு, உறக்கம் என்ற நான்கின் தாளம் குலைவதையே நோயின் ஒரு முகமாகப் பார்த்தார். குளிப்பது, உடுப்பது, சமைப்பது, கிழிந்த வலையைப் பொத்துவது, கோயிலுக்குப் போவது, பேரப்பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விடுவது எல்லாம் இந்தத் துறை ‘தொழில்’ என்று சொல்வதற்குள் அடங்கும்.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எல்லாம் ஒரே பக்கம் சாய்வதில்லை. 2007இல் ஒன்பது பரிசோதனைகளைச் சேர்த்து, 1258 பேரின் விவரங்களைப் பார்த்தபோது, பாரிசவாதத்துக்குப் பின் குளித்தல், உடுத்தல், உண்ணல் போன்றவற்றில் தொழில்வழிச் சிகிச்சை பெற்றவர்கள் மற்றவர்களைவிடச் சொந்தக் காரியங்களை நன்றாகச் செய்தார்கள், நிலை மோசமாகும் வாய்ப்பும் குறைந்தது. ஆனால் 2015இல் பிரித்தானியாவில் முதியோர் பராமரிப்பு இல்லங்களில் இருந்த, பாரிசவாதம் வந்த 1042 பேரைச் சேர்த்து, அவர்களில் ஒரு பகுதியினருக்கு மூன்று மாதம் இதே சிகிச்சையைக் கொடுத்தபோது பலன் தெரியவில்லை. அந்த ஆட்கள் கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்கள் என்பது உண்மை. ஆனாலும், எல்லாவற்றையும் ஊழியர் செய்துகொடுக்கும் இடத்தில், சிகிச்சையாளர் வந்துபோகும் அரைமணி நேரம் நாளின் மீதியை வெல்ல முடியாது என்றே நான் அதை வாசிக்கிறேன். உங்கள் வீட்டுக்கும் இது பொருந்தும். கிளினிக்கில் மாதம் ஒருமுறை நடப்பதைவிட, வளவுக்குள் தினமும் நடப்பதே மாமாவின் கையைத் தீர்மானிக்கும்.

இன்னொன்று: வெறுமனே பொழுதுபோக்காட்டினாலும் போதாது. லொஸ் ஏஞ்சலிஸில் பிறர் பராமரிப்பின்றிச் சுயமாக வாழும் முதியவர்கள் 361 பேரை வைத்து நடந்த ஆய்வு 1997இல் வெளிவந்தது. ஒரு குழுவுக்கு ஒன்பது மாதம், தங்கள் அன்றாட வாழ்க்கையைத் தாங்களே அலசித் திருத்தத் தொழில்வழிச் சிகிச்சையாளர் உதவினார். இன்னொரு குழுவைக் கூட்டி வைத்து விளையாட்டு, படம், கைவேலை என்று ஈடுபடுத்தினார்கள். மூன்றாம் குழுவுக்கு எதுவும் இல்லை. முதல் குழுவுக்கு உடலிலும் மனதிலும் நன்மை கிடைத்தது. இரண்டாம் குழு, எதுவுமே பெறாத குழுவைவிட மேலாகவில்லை. மாமாவுக்கு முன்னால் ரீவியைப் போட்டுவிட்டு அவர் ஈடுபாட்டோடு இருக்கிறார் என்று நினைக்க வேண்டாம்.

இனி வீட்டில் செய்ய வேண்டியது. முதலில் ஒரு கொப்பி எடுத்து, நேற்றைய நாளை எழும்பியதிலிருந்து படுக்கும் வரை அரைமணி அரைமணியாக எழுதுங்கள். என்ன நடந்தது, எங்கே, அதை யார் செய்தார் என்ற மூன்றும் வேண்டும். பல வீடுகளில் இந்தத் தாளைப் பார்த்ததும் விடயம் விளங்கிவிடும்: “யார் செய்தார்” என்ற இடத்தில் மாமி, மகள் என்றே வரிசையாக நிற்கும். பிறகு மாமாவிடமே கேளுங்கள், எது இப்போது செய்ய ஏலாமல் இருப்பது அவருக்குக் கூடுதலாக வலிக்கிறது என்று. ஐந்துக்கு மேல் வேண்டாம். ஒவ்வொன்றுக்கும் முக்கியம் எவ்வளவு, இப்போது செய்வது எவ்வளவு, திருப்தி எவ்வளவு என்று 1 முதல் 10 வரை அவரே புள்ளி போடட்டும். கனடாவில் 1991இல் வெளிவந்து இன்று பல நாடுகளில் பயன்படும் அளவீடு ஒன்று இப்படித்தான் இயங்குகிறது. அடுத்த முறை கேட்கும்போது 2 புள்ளி கூடினால் அது உண்மையான மாற்றம் என்று எடுத்துக்கொள்ளலாம். பேச்சும் பாதித்திருந்தால் பொருட்களைக் காட்டிக் கேளுங்கள். அவருக்காக நீங்கள் பதில் சொல்லிவிடாதீர்கள்.

பெரும்பாலும் முதலில் வருவது சாப்பாடு. நம்முடைய ஊரில் வலக்கை விழுந்தவருக்கு இது இரட்டை அடி. இடது கையால் சாப்பிடக் கூசுகிறார், அதே இடது கைதான் இப்போது கால்கழுவவும் வேண்டியிருக்கிறது. மாமி ஊட்டிவிடுகிறார், பிள்ளைகள் பார்க்கிறார்கள், அவர் இரண்டு வாயோடு போதும் என்கிறார். ஆகவே வலக்கையால் சாப்பிடுவதை வெறும் கைப்பயிற்சியாக நினைக்காதீர்கள். அவருடைய மரியாதை அதில்தான் இருக்கிறது.

பாயிலோ கட்டிலிலோ வைத்துத் தொடங்கக் கூடாது. முதுகு சாய்மானம் உள்ள கதிரை, பாதம் இரண்டும் முழுதாக நிலத்தில், மேசை முழங்கை மட்டத்தில் இருக்க வேண்டும். வலது முழங்கை மேசையில் ஊன்றியிருந்தால் தோள் சுமக்க வேண்டிய பாரம் குறையும். தட்டைக் கோப்பை வேண்டாம். விளிம்பு உயர்ந்ததை எடுங்கள், அடியில் ஈரத்துணி விரித்தால் வழுக்காது. முதல் கட்டம் விரலுக்கு உறுதியாக அகப்படுபவை: வாழைப்பழத் துண்டு, ரொட்டித் துண்டு. அடுத்து, மாமி குழைத்து உருட்டி வைத்த சோற்று உருண்டையை அவர் எடுத்து வாய்க்குக் கொண்டுபோவது மட்டும். அது சரிவந்தால் உருட்டுவதும் அவர் வேலை. அதன்பிறகே சோற்றையும் கறியையும் தானே பிசைவது. பிட்டு கடைசி, உதிர்வதால் ஐந்து விரலும் குவிந்து பெருவிரல் தள்ளாவிட்டால் அது வாய்க்குப் போகாது. வலது கை தூக்கக் கஷ்டப்பட்டால் இடது கை வலது மணிக்கட்டைக் கீழிருந்து தாங்கலாம்.

அளவு முக்கியம். காலைச் சாப்பாட்டில் முதல் ஐந்து வாய் வலக்கையால், மீதி இடது கையில் கரண்டியால். மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை இரண்டு வாய் கூட்டுங்கள். முழுச் சாப்பாட்டையும் வலக்கையால் முடிக்கச் சொன்னால் சோறு ஆறிவிடும், ஆள் களைத்து ஆத்திரப்படுவார், அடுத்த நாள் கையே நீட்டமாட்டார். விரலில் உணர்ச்சி குறைந்திருந்தால் சூடு தெரியாது, சோற்றை இடது கையால் தொட்டுப் பார்த்த பிறகே தொடங்க வேண்டும். மீன் முள்ளையும் உணர்ச்சி திரும்பும் வரை வேறொருவர் எடுத்துக் கொடுப்பதே பாதுகாப்பு. சாப்பிடும்போது இருமல் வந்தால், குரல் ஈரமாகக் கரகரத்தால், சோறு கன்னத்துக்குள் தங்கினால் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டுப் பேச்சுச் சிகிச்சையாளரிடம் விழுங்குவதைச் சோதித்துவிட்டுத்தான் தொடர வேண்டும்.

குளிப்பதில் பெரிய ஆபத்து கிணற்றடிச் சீமெந்துதான். பாசியை உரஞ்சிக் கழுவிவிட்டு, பாரமான மரக் கதிரை ஒன்றைப் போடுங்கள். மெல்லிய பிளாஸ்டிக் கதிரையின் கால்கள் ஈரத்தில் விரிந்துவிடும். தண்ணீர்ப் பாத்திரம் இடப்பக்கம் இருக்கட்டும், ஒரு லீற்றருக்கு மேல் பிடிக்காத கோப்பையால் அள்ளட்டும். வலக்கைக்குப் பழைய காலுறையை மாட்டி அதற்குள் சவர்க்காரத்தைப் போட்டால், விரல் பிடிக்காவிட்டாலும் இடது தோளையும் மார்பையும் அந்தக் கையால் தேய்க்கலாம். பிடிகம்பியை, கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டு வரும் உயரத்தில், பலமுள்ள இடப்பக்கம் பொருத்துங்கள். குந்தும் மலசலகூடமானால் அதன்மேல் வைக்கும் கொமோட் கதிரை போதும். இருக்கை 45 சென்ரிமீற்றர் அளவில், முழங்கால் மடிப்புக்குச் சற்று மேலே இருந்தால் எழும்ப இலகு.

உடுக்கும்போது பலவீனமான பக்கம் முதலில், கழற்றும்போது கடைசியில். சேர்ட்டுக்கும் இதுதான், காற்சட்டைக்கும் இதுதான். சாரத்தை ஒரு கையால் இறுக்கிக் கட்ட ஏலாது, அது தளர்ந்து காலுக்குள் சிக்கினால் விழுவார். இடுப்பில் அகலமான இலாஸ்டிக் தைத்துவிடுங்கள், கரையை இரண்டு அங்குலம் உயர்த்துங்கள். ஒரு விடயத்தைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும்: அவரை எழுப்பும்போது வலது கையைப் பிடித்தோ அக்குளுக்குள் கைகொடுத்தோ இழுக்காதீர்கள். தசை தாங்காத தோள் மூட்டு கீழே இறங்கி, பிறகு மாதக்கணக்கில் வலிக்கும். வலிக்கிற தோளோடு எந்த வேலையும் கற்றுக்கொடுக்க முடியாது.

இனி வலை. அவர் புள்ளி போட்ட தாளில் வாவி இல்லாமலிருக்காது. தோணியில் ஏறுவது தூரத்து இலக்கு, ஆனால் வலை பொத்துவதை இந்த வாரமே தொடங்கலாம். அது இரண்டு கை வேலை, இரு கைக்கும் வேறு வேறு பங்கு. அதனால்தான் அது இவ்வளவு பயனுள்ளது. தொடக்கத்தில் வலது கைக்குத் தாங்கும் பங்கு: வலையை ஒரு கம்பில் இழுத்துக் கட்டி மேசை உயரத்தில் வைத்து, கண்ணியை வலது கை பிடித்துக்கொள்ள இடது கை ஊசியை ஓட்டட்டும். பெரிய கண்ணி, தடித்த நூல், வலையின் நிறத்திலிருந்து வேறுபட்ட நிறம் என்று தொடங்குங்கள். பத்து நிமிடம், பிறகு ஓய்வு. இரண்டு மூன்று வாரத்தில் ஊசியை வலக்கைக்கு மாற்றலாம். ஊசியின் பிடியில் துணி சுற்றித் தடிப்பாக்கினால் விரல் முழுதாக மடங்கத் தேவையில்லை. பிறகு நூலை மெல்லிதாக்கி, கண்ணியைச் சிறிதாக்கி, சுற்றிய துணியைக் குறைத்துக்கொண்டு போங்கள்.

வேலை அளவுக்கு மீறிவிட்டதை உடம்பே காட்டும். தோள் காதை நோக்கி உயரும், உடம்பு ஒரு பக்கம் சாயும், மூச்சைப் பிடித்துக்கொள்வார், விரல்கள் இறுகி முஷ்டியாகும். அப்போது நிறுத்த வேண்டாம், ஒரு படி இலகுவாக்குங்கள். பத்துத் தடவைக்கு ஏழெட்டுச் சரிவந்தால் அளவு சரி. பத்தும் சரிவந்தால் கூட்டும் நேரம் வந்துவிட்டது.

நல்ல கையைக் கட்டிவைத்தால் மற்றது வேலை செய்யும் என்று ஊரில் யாராவது சொல்வார்கள். அதற்கு ஆதாரம் உண்டு, நிபந்தனையும் உண்டு. 2006இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வில், பாரிசவாதம் வந்து 3 முதல் 9 மாதமான 222 பேர் சேர்க்கப்பட்டார்கள். சிகிச்சைக் குழுவினர் இரண்டு வாரம், விழித்திருக்கும் நேரத்தில் 90 வீதம் நல்ல கைக்கு உறை மாட்டிக்கொண்டு, கிழமை நாட்களில் ஆறு மணிநேரம் வரை பயிற்சி செய்தார்கள். ஒரு வருடம் கழித்தும் முன்னேற்றம் நிலைத்திருந்தது. ஆனால் மணிக்கட்டைக் குறைந்தது 20 பாகையும், விரல்களை 10 பாகையும் மேலே நிமிர்த்த முடிந்தவர்களுக்கே பொதுவாக இது. மாமா பொருந்தக்கூடும், சிகிச்சையாளர் அளந்து முடிவு செய்யட்டும். நீங்களாகச் செய்வதென்றால் இருந்தபடி செய்யும் ஒரு வேலைக்கு, அரைமணி நேரம் மட்டும் உறை போடுங்கள். நடக்கும்போதும், கிணற்றடியிலும், அடுப்படியிலும் ஒருபோதும் வேண்டாம்.

எல்லாவற்றிலும் கடினமான பங்கு வீட்டாருடையது. “விடுங்க மாமா, நான் செய்யிறன்” என்ற சொல் அன்பினால்தான் வருகிறது. அது ஒரு நாளில் இருபது தடவை வந்தால், இருபது வேலைகள் அந்தக் கையிலிருந்து பறிக்கப்படுகின்றன. அவர் சேர்ட் பொத்தானோடு மல்லுக்கட்டும்போது மனதுக்குள் பத்து எண்ணுங்கள். பிறகு வாயால் ஒரு சொல். பிறகு விரலால் ஒரு தொடுகை. அதற்கும் ஏலாவிட்டால் தொடக்கத்தை நீங்கள் செய்து கடைசிப் படியை அவருக்கு விடுங்கள்: நான்கு பொத்தானை நீங்கள் போட்டு ஐந்தாவதை அவர் போடட்டும், அடுத்த கிழமை கடைசி இரண்டை. வேலையை முடித்த திருப்தி ஒவ்வொரு முறையும் அவர் கையில் முடிய வேண்டும் என்பதே இந்த முறையின் பலம். அவசரமான காலை வேளையில் இது சாத்தியமில்லை என்பீர்கள். சரி, பாடசாலைக்குப் பிள்ளைகள் போன பிறகு உடுக்கட்டும். வெயில் ஏறுமுன், பதினொரு மணிக்குள் பெரிய வேலைகளை முடித்துவிடுங்கள். பாரிசவாதத்துக்குப் பின் வரும் களைப்பு சாதாரணக் களைப்பல்ல, சோம்பல் என்று திட்ட வேண்டாம்.

மாமியின் நாளையும் அதே கொப்பியில் எழுதிப் பாருங்கள். பன் பாய் இழைத்து நாலு காசு பார்த்தவர், இப்போது மூன்று மாதமாக ஒரு பாயும் முடித்திருக்கமாட்டார். ஆளைத் தூக்கித் தூக்கி இடுப்பு வலி வந்திருக்கும். வேலை சுகத்தைத் தருவது போலவே சுகத்தைக் கெடுக்கவும் செய்யும். மருதமுனையில் தறியில் இருப்பவருக்குத் தோளும் இடுப்பும், வயலில் குனிந்து நாற்று நடுபவருக்கு முதுகும் போவது எல்லாருக்கும் தெரியும். பராமரிப்பும் அப்படியான வேலைதான். மாமா தானாகக் கதிரையிலிருந்து எழும்பப் பழகினால் மாமியின் முதுகுக்கும் அது மருந்து. பாதத்தைப் பின்னுக்கு இழுத்து, மூக்கு கால் பெருவிரலுக்கு மேலே வரும்வரை முன்னால் குனிந்து, பிறகு எழும்பச் சொல்லுங்கள். குனியாமல் எழும்ப முயல்வதுதான் பெரும்பாலும் நடக்கும் பிழை.

மனதைப் பற்றி ஒன்று. பாரிசவாதம் வந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வு வருகிறது. பேசாமல் இருக்கிறார், சாப்பாடு வேண்டாம் என்கிறார், விடியப்புறம் விழித்துக்கொண்டு கிடக்கிறார் என்றால் வைத்தியரிடம் சொல்லுங்கள், அதற்கும் சிகிச்சை உண்டு. வேலை இல்லாத நாள் மனிதரை என்ன செய்யும் என்பதற்கு ஒஸ்திரியாவின் மரியந்தால் கிராமம் ஒரு பழைய சான்று. அங்கே நெசவு ஆலை மூடியபின் 1930களின் தொடக்கத்தில் ஆய்வாளர்கள் போய்ப் பார்த்தார்கள். ஆண்களுக்கு நேரம் கொட்டிக் கிடந்தது, ஆனால் நூலகத்தில் புத்தகம் எடுப்பதுகூடக் குறைந்திருந்தது. தெருவில் நடக்கும் வேகமும் குறைந்திருந்தது. மனம் சரியாகட்டும், பிறகு வெளியே போகலாம் என்று காத்திருக்க வேண்டாம். பெரும்பாலும் முதலில் வெளியே போக வேண்டும், மனம் பின்னால் வரும்.

உங்கள் பக்கத்தில் ஒரு மனிதனின் இடம் அவருடைய குடியோடும் (தாய்வழிக் குலம்) கோயிலோடும் கட்டுண்டிருக்கிறது. வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்குக்கு அவருடைய குடிக்கு ஏதாவது பொறுப்பு இருந்தால், இந்த வருடம் “நீங்க வீட்டில இருங்க” என்று சொல்லிவிடாதீர்கள். அதை இலக்காக வைத்துப் பின்னோக்கித் திட்டமிடுங்கள். வளவு மணலில் கோல் புதையும், வாசலிலிருந்து தெரு வரை பலகையோ சீமெந்துக் கல்லோ பதியுங்கள். 15 சென்ரிமீற்றர் படிக்குச் சரிவுப்பாதை போடுவதானால் 1.8 மீற்றர் நீளம் வேண்டும், அதைவிடக் குறைத்தால் இறங்கும்போது கால் நிற்காது. முதலில் தெரு முனை, பிறகு கடை, பிறகு ஓட்டோவில் ஏறி இறங்குவது, பிறகு கோயில். மண்டூருக்குப் பாதையில் (ஆட்களை ஏற்றி வாவியைக் கடக்கும் மிதவை) வாவி கடந்து போகும் பயணத்தைக் கடைசியில் வையுங்கள், பாதையில் ஏறும் இடம் ஈரமாகவும் சரிவாகவும் இருக்கும். பிரித்தானியாவில் 2014இல் வெளிவந்த 568 பேரின் ஆய்வில் இப்படியான பயிற்சியால் பயணங்கள் கூடின, ஆனால் வாழ்க்கைத்தரக் கேள்வித்தாளில் சொல்லும்படியான வித்தியாசம் வரவில்லை. எங்கே போகிறோம், அங்கே நமக்கு என்ன இடம் என்பது சேராவிட்டால் பயணம் மட்டும் போதாது என்பது என் கருத்து.

அடுத்த கிளினிக்குக்குக் கொப்பியையும், அவர் சாப்பிடுவது, கதிரையிலிருந்து எழும்புவது, வலை பொத்துவது மூன்றையும் ஒவ்வொரு நிமிடம் போனில் எடுத்த வீடியோவையும் கொண்டுபோங்கள். சிகிச்சையாளருக்கு இவை பத்துக் கேள்விக்குச் சமம். இரவில் விரல்கள் இறுகினால் கைத்தாங்கி (splint) தேவையா என்று கேளுங்கள். முகம் புதிதாகக் கோணினாலோ பேச்சு குழறினாலோ கை கால் திடீரென்று இன்னும் தளர்ந்தாலோ கிளினிக் நாளுக்குக் காத்திராமல் 1990 அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அழையுங்கள்.

வாவிக்குத் திரும்புவதைப் பற்றி இப்போதே முடிவு சொல்ல முடியாது. கரையில் இறால் தரம் பிரிப்பது, விலை பேசுவது, கணக்கு வைப்பது இப்போதே முடியும், அவருக்குத் தெரிந்த அளவுக்கு உங்களுக்கு அந்த வேலை தெரியாது. கரையில் கட்டிய தோணிக்குள் இருந்தபடி இரு பக்கமும் சரிந்து நிமிர முடிகிறதா என்று அடுத்துப் பாருங்கள், உயிர்காப்பு அங்கியோடு, முழங்கால் தண்ணீருக்குள், பக்கத்தில் இருவர் நிற்க. எழுந்து நின்று வலை வீச இடுப்பு திரும்ப வேண்டும், ஆடும் தளத்தில் இரு காலும் பாரம் தாங்க வேண்டும், விரல்கள் சரியான கணத்தில் விட வேண்டும். அந்த மூன்றும் தரையில் வந்த பிறகே தண்ணீர். பாரிசவாதத்துக்குப் பின் வலிப்பு வந்திருந்தாலோ, இரத்த அழுத்தம் கட்டுப்படாமல் இருந்தாலோ வைத்தியர் சொல்லும்வரை தோணி வேண்டாம். எவ்வளவு தேறினாலும் தனியே போகக் கூடாது, தோணியின் முன்னணியத்தில் (முன்பக்கத்தில்) நீங்கள் இருங்கள்.